மல்லியின் வாயில் வைத்த லிட்மஸ் தாள்

ஓய்வு பெற்ற மிருக வைத்தியர் ஒருவரைக் கட்டுரை எழுதக் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யானைக்கு ஊசி போட்ட கதை ஒன்று வரும். சேற்றில் புதைந்த எருமையை இழுத்து எடுத்த கதை ஒன்று வரும். என்னிடமும் அப்படி இரண்டு மூன்று இருக்கின்றன. நான் தொண்டையைச் செருமினாலே என் கணவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார், அவ்வளவு தடவை சொல்லியாயிற்று. ஆகவே பயப்படாதீர்கள், இன்று அவை கிடையாது.

போன வாரம் உங்களில் ஒரு தங்கச்சி, முதலாம் ஆண்டில் இருப்பவள், என்னிடம் கேட்டாள்: "மெடம், மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த எங்களுக்கு எதுக்கு இந்த மூலும் மூலக்கூறும்? இத எப்ப பாவிக்கப் போறோம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை அவள் வயதில் நானும் கேட்டிருக்கிறேன், இதைவிட மோசமான சொற்களில். அவளுக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கட்டுரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் ஒரு பசுவைக் காப்பாற்றுகிறேன். அதற்காக யாரும் கை தட்ட வேண்டாம், முழுவதையும் படித்த பிறகு உங்களுக்கே தட்டத் தோன்றாது.

என் ஊர் பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தரம் வரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்துவிட்டு, மிருக வைத்தியம் படிக்கக் கண்டிக்கு வந்து, முதல் நாள் முதல் மணித்தியாலம் இரசாயன விரிவுரையில் ஆங்கிலத்தின் நடுவில் உட்கார்ந்தேன். பாசிச்சாயத்தாள் என்று நான் படித்ததை இங்கே லிட்மஸ் என்றார்கள். அதுவாவது பரவாயில்லை, தாளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மற்றதெல்லாம் காதில் விழுந்து அப்படியே வெளியே போயிற்று. விளங்கவில்லை என்று கை தூக்க வெட்கம். பாடமாக்கினேன். பக்கம் பக்கமாக, முற்றுப்புள்ளி உட்பட. எனக்கு அப்போது வாயும் வீம்பும் நிறைய. தெரியாது என்ற சொல் மட்டும் வாயில் வராது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா மேரி அக்காவுடையது. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர், போனவர்தான். பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று இருந்தது மல்லி என்ற ஒரே ஒரு பசு. நான் உயர்தரம் படித்த இரண்டு வருடமும் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் மூடி போட்ட ஒரு கிளாஸ் பால் இருக்கும். அம்மா வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போனால், "அது ஒங்களுக்கு இல்ல அண்ணி, படிக்கிற புள்ளைக்கு" என்பார். என் மூளையில் ஏதாவது இருக்கிறதென்றால் அதில் பாதி மல்லியின் பால். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

பல்கலைக்கழக வளாகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். பையில் இரசாயனக் குறிப்புப் புத்தகம், அதற்குள் ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவந்த சிவப்பு லிட்மஸ் தாள் கட்டு ஒன்று. களவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வேடிக்கை காட்ட நினைத்திருந்தேன். சவர்க்காரத் தண்ணீரில் வைத்தேன், நீலமாயிற்று. புளித் தண்ணீரில் வைத்தேன், அப்படியே இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா அவ்வளவு தூரம் போயி படிக்கிற?" என்றார்.

ஆனால் லயத்துக்கு நான் அன்றே டாக்டர். "டாக்டர் புள்ள வந்துருச்சு" என்று சத்தம் போனதுமே ஒருவர் ஆட்டைக் கொண்டுவந்தார், இன்னொருவர் சீக்குப் பிடித்த கோழியைக் கொண்டுவந்தார். எனக்கு அந்த மூன்று மாதத்தில் மாட்டின் வாலை எந்தப் பக்கம் தேடுவது என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. இரசாயனம், பௌதிகம், கொஞ்சம் எலும்பு, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஆட்டின் கண்ணை இழுத்துப் பார்த்து, "ம்" என்றேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்த மேரி அக்கா, வந்த வேகத்திலேயே எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"புள்ள, ஓடியா. மல்லி விழுந்துருச்சு."

மாட்டுக் கொட்டில் லயத்துக்குப் பின்னால். மல்லி முன்னங்கால்களை மடித்துக் கிடந்தாள். உடம்பு முழுக்க நடுக்கம். வாயிலிருந்து நுரை ஒழுகியது, இடது வயிறு ஊதியிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவள் எட்டு மாதச் சினை. அரச மிருக வைத்தியர் கீழே டவுனில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவர இரண்டு மணித்தியாலமாவது ஆகும். மல்லிக்கு அவ்வளவு நேரம் இல்லை என்பது ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது.

மாடு வைத்திருந்தவர்களில் மூத்தவரான ராமையா மாமா ஏற்கெனவே ஒரு போத்தலில் அப்பச்சோடா கரைத்துக் கையில் வைத்திருந்தார். "வயிறு ஊதுனா சோடாதான். ஊத்திரலாம்" என்றார். மேரி அக்கா மல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"புள்ள, காலையில பூசைக்கிப் போறதுக்கு முன்னாடி ஒரு உரச்சாக்கு கழுவுனேன். மழ உள்ள அடிக்குதேன்னு மறைப்புக் கட்ட. அந்த வாளிய நான் இங்கனயே..."

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன். "நான் பார்க்கணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்களும் மூடிக்கொண்டார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் தலைக்குள் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அமிலமும் காரமும். வேறு ஒன்றுமே இல்லை. சோடா என்பது காரம். வயிற்றில் அமிலம் கூடியிருந்தால் சோடா சரி. காரம் கூடியிருந்தால்? சோடா ஊற்றினால் இன்னும் மோசம், அப்போது வினாகிரி போல ஓர் அமிலம்தான் வேண்டும். எது கூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆகா, என்னிடம் லிட்மஸ் இருக்கிறதே!

ஓடிப்போய்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்தேன். சிவப்புத் தாள் ஒன்றைக் கிழித்து மல்லியின் வாய் நுரையில் வைத்தேன். கண்முன்னே நீலமாயிற்று. கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. நான் எழுந்து நின்று, விரிவுரையாளரின் குரலில், "காரம். சோடா ஊத்தக் கூடாது. வினாகிரி கொண்டாங்க, யார் வீட்டில இருக்கோ எல்லாத்தையும்" என்றேன்.

லயம் முழுக்க ஓடினார்கள். அரைப் போத்தலும் கால் போத்தலுமாக வினாகிரி வந்து சேர்ந்தது. கடையைத் திறக்கச் செய்து இன்னும் மூன்று முழுப் போத்தல் கொண்டுவந்தார்கள். பீலிக் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரோடு கலந்து, ராமையா மாமா தலையைப் பிடிக்க, அவசரப்படாமல் மிடறு மிடறாக உள்ளே விட்டோம். அவசரப்படாதது என் அறிவு அல்ல, மாமாவின் அனுபவம். "பொரையேறும், மெதுவா" என்று அவர்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மல்லி பின்னங்காலை ஊன்றி எழுந்தாள். எழுந்து நின்று, என் சட்டைக் கையை நக்கினாள்.

மேரி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அந்த நீலமான துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் மாதா படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார். நான் அப்போது தரையில் இல்லை. திரும்பிப் போகுமுன் மிச்சத் தாள் கட்டை மேரி அக்காவிடம் கொடுத்து, வாசலில் நின்றவர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். லயத்தில் மாடு வைத்திருக்கும் ஏழு வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். மாடு ஊதினால் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலமானால் வினாகிரி, சிவப்பாகவே இருந்தால் சோடா. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்து வந்த இரசாயனப் பரீட்சையில் விழுந்தேன். பாடமாக்கியதை எழுதினேன், கேட்டதை எழுதவில்லை. மறுபரீட்சை ஒன்று தந்தார்கள். அதிலும் விழுந்தால் என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டுக்குப் போக, நான் ஒரு வருடம் பின்னால் நிற்க வேண்டும். பரீட்சைத் திகதியைப் பார்த்தபோது அது மாட்டுப் பொங்கல் நாள், காலை ஒன்பது மணி. பொங்கலுக்கு மட்டும்தான் விடுமுறை, மாட்டுக்கு இல்லை.

ஆகவே அந்த வருடப் பொங்கல் எனக்கு விடுதி அறையில். கூட இருந்தவள் வதனி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இரசாயனத்தில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. எனக்காக ஊருக்குப் போகாமல் நின்றவள். விளங்கியவர் விளங்காதவருக்குப் பரீட்சைக்கு முன் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதை இன்றும் நீங்கள் குப்பி என்றுதான் சொல்கிறீர்கள். அன்று எனக்கு மட்டுமான குப்பி. மதியம் தாண்டித் தாங்கற் கரைசலுக்கு வந்தோம். அமிலம் விட்டாலும் காரம் விட்டாலும் தன் நிலையிலிருந்து அதிகம் அசையாத கரைசல். வரைவிலக்கணத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தேன். வதனி பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உனக்கு விளங்கினதோ, சொல்லு பாப்பம்."

நான் அதே வரைவிலக்கணத்தை மறுபடியும் தொடங்கினேன்.

"சரி, விடு. விரிவுரையில சேர் சொன்ன உதாரணத்தைப் பிடி. மாட்டின்ர எச்சில். ஒரு நாளைக்கு வாளி வாளியாச் சுரக்கும். அதில முழுக்க இருகாபனேற்று, உங்கட அப்பச்சோடாவில இருக்கிற அதே சாமான். அதுதான் அதின்ர வயித்தில வாற அமிலத்தைத் தாங்கிறது. அதாலதான் மாட்டு எச்சில் எப்பவும் காரம்."

"எப்பவுமா?"

"ஓம், எப்பவும்."

"சீக்கு இல்லாத மாட்டுக்கும்?"

"ஓமடி. எந்த மாட்டின்ர வாயில லிட்மஸ் வைச்சாலும் நீலம்தான். ஏன் இப்பிடி முழிக்கிறாய்?"

முதல் தடவையாக இரசாயனம் எனக்கு விளங்கியது, அந்த நிமிடத்தில். மல்லியின் வாயில் நான் வைத்த தாள் ஒன்றையும் சொல்லவில்லை. வினாகிரி பொருந்தியது வெறும் அதிர்ஷ்டம். அன்று காரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபோது, மேரி அக்கா பாதியில் விட்ட வாக்கியம் நினைவுக்கு வந்தது. உரச்சாக்கு. யூரியா. அது வயிற்றுக்குள் போனால் அமோனியா, காரம். பதில் அந்த வாளியில் இருந்திருக்கிறது. சொல்ல வந்தவரைப் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் காகிதத்தைக் கேட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது. நாளை மாட்டுப் பொங்கல். எங்கள் தோட்டத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மதம் கிடையாது. மேரி அக்கா உட்பட எல்லோரும் மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பானை பானையாகப் பொங்கலை ஊட்டுவார்கள். அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி ஊதும். அந்த மாட்டின் வாயில் என் தாளை வைப்பார்கள். நீலம் காட்டும். வினாகிரி ஊற்றுவார்கள். அமிலத்தின் மேல் அமிலம். ஏழு வீட்டில் தாள் இருக்கிறது, நானே கொடுக்கச் சொன்னது.

தோட்டத்தில் அப்போது தொலைபேசி இருந்தது தோட்ட அலுவலகமான கந்தோரில் மட்டும். பொங்கலன்று கந்தோர் பூட்டு. நான் செருப்பைப் போட்டேன்.

"எங்க போறாய்?"

"ஊருக்கு."

"விசரே உனக்கு? விடிஞ்சாச் சோதினை."

சொன்னேன், எல்லாவற்றையும். வதனி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. தாங்கற் கரைசல் எழுதியிருந்த இரண்டு தாளை மடித்து என் கையில் வைத்து, "பஸ்ஸில வாசி. வேளைக்கு வந்து சேர், நான் வாசலில நிக்கிறன்" என்றாள்.

பஸ்ஸில் வாசிக்கவில்லை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பிள்ளைகளே, தவறாகச் செய்து ஒரு மிருகம் செத்துப்போனால் அதைச் சொல்வது கடினம்தான். ஆனால் தவறாகச் செய்து அது பிழைத்துக்கொண்டால், எல்லோரும் உங்களைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தால், அதைப் போய்ச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்கு அந்தப் பஸ்ஸில் தெரிந்தது. வழியில் வத்தேகமவில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு தடவை எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்தரை மணி போல லயத்துக்கு ஏறினேன். அம்மா என்னைப் பார்த்து, "சோதனை எழுதலயா?" என்று கேட்டதற்குக்கூட நிற்காமல் மேரி அக்காவின் காம்பராவுக்குள் போனேன். அவர் அடுப்படியில் இருந்தார்.

"அக்கா, அந்தத் தாளு எங்க? எல்லார் வீட்டுலயும் இருந்து திருப்பி வாங்கணும். இப்பவே. அது சரியில்ல அக்கா. எந்த மாட்டுக்கு வச்சாலும் நீலந்தான் வரும். எனக்கு அப்ப தெரியல. தெரியாமத்தான் சொன்னேன்."

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். மேரி அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்தார். அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே என் கட்டு இருந்தது. பத்துப் பன்னிரண்டு தாள்தான் குறைந்திருந்தது.

"ஏழு வீட்டுக்கும் குடுக்கச் சொன்னேனே அக்கா?"

"குடுக்கல."

"ஏன்?"

"நீ போன மக்கா நாளு, மல்லி நல்லா இருக்கையில ஒண்ண வச்சுப் பாத்தேன். நீலம். புல்லு தின்னுக்கிட்டு இருக்கையில வச்சேன். நீலம். கன்னு போட்ட பொறகும் வச்சேன். அப்பறம் ராமையா அண்ணன் மாட்டுக்கும் வச்சேன், அதுவும் நீலம். எல்லாத்துக்கும் நீலம்னா இந்தத் தாள வச்சி என்னா பண்றதுன்னு நெனச்சேன். கேட்டவங்ககிட்ட முடிஞ்சு போச்சுன்னுட்டேன்."

நான் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்ததை, கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு பெண் நலமான மாட்டின் வாயில் தாளை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். நோயுள்ளதில் சோதித்ததை நோயில்லாததிலும் சோதித்துப் பார் என்பதைப் பிறகு எனக்கு எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் சொல்லித் தந்தார்கள். ஒருவரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"அப்ப அது?" என்று மாதா படத்தைக் காட்டினேன். நீலத் துண்டு இன்னும் சட்டத்தில் இருந்தது.

"அது மல்லி பொழச்ச அன்னைக்கி உள்ளது. அது வேற" என்றார்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "அக்கா, அன்னைக்கி வாளியப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே. என்னா அது?"

மேரி அக்காவின் முகம் மாறியது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். உரச்சாக்கின் மூலையில் யூரியா கட்டி பிடித்துக் கிடந்ததாம். வாளித் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவிவிட்டு, பூசை மணி அடிக்கவே வாளியைக் கொட்டிலிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். வந்து பார்த்தால் வாளி காலி. மல்லிக்கு மழை படக்கூடாது என்றுதான் அந்தச் சாக்கைக் கழுவினார்.

"நாந்தான் புள்ள அதக் கொல்லப் பாத்தேன். என் கையால. நீ காப்பாத்துன, எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. இத்தன மாசமா ஒருத்தருக்கும் சொல்லல."

அந்த மாதங்கள் முழுவதும் நான் வளாகத்தில் என் வெற்றிக் கதையைச் சொல்லித் திரிந்தேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இதைச் சுமந்துகொண்டிருந்தார். தெரியாமல் செய்தது, வாளியைப் பற்றி நீங்கள் சொல்ல வந்ததுதான் சரியான பதில், நான் கேட்டிருந்தால் காகிதமே தேவைப்பட்டிருக்காது என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு ஐந்து தடவை திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் தலையாட்டினார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார். சோறு அதிகம் ஊட்டக் கூடாது, ஊதினால் முதலில் என்ன தின்றது என்று யோசியுங்கள் என்று அன்று மாலையே ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். தாளைப் பற்றிய என் தவறையும் சேர்த்துத்தான். ராமையா மாமா, "சரி சரி, அதுக்கென்னா இப்ப" என்று கரும்பு ஒரு துண்டு தந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ் வரவில்லை. மேரி அக்கா என்னோடு ரோட்டுக்கு இறங்கி வந்திருந்தார். பனி விலகாத நேரம், கையில் ஒரு போத்தல் மல்லியின் பால். ஆறரையாயிற்று. நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வளைவைப் பார்ப்பதுமாக நின்றேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"ஏன் அக்கா எனக்கு மொதல்லயே சொல்லல? தாளப் பத்தியும், வாளியப் பத்தியும். நான் எத்தன தடவ வீட்டுக்கு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீதான பேசாம இருங்கன்னு சொன்ன" என்றார்.

வெற்றுத் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று வந்தது. மேரி அக்கா நடுரோட்டில் நின்று அதை மறித்தார். "சோதனை எழுதப் போற புள்ள, கண்டியில விட்டுருங்க" என்று சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார். அவர் மறுக்கவில்லை. பரீட்சை மண்டப வாசலில் வதனி நின்றிருந்தாள், நான் இருபது நிமிடம் பிந்தியிருந்தேன். மேற்பார்வையாளர் என் பாவாடை விளிம்பில் இருந்த சேற்றைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு ஒரு கதிரையைக் காட்டினார். நான்காவது கேள்வி தாங்கற் கரைசல், உதாரணத்துடன் விளக்குக. பாடமாக்கிய வரைவிலக்கணம் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. மல்லியின் வாயைப் பற்றி எழுதினேன். மட்டுமட்டாகச் சித்தியடைந்தேன்.

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான்: இரசாயனம் பாவனைக்கு வரும், நீ நினைப்பதற்கு முன்னாலேயே வரும். அதைப் பாடமாக்காதே, விளங்கிக்கொள். விளங்கவில்லை என்றால் கையைத் தூக்கு. மற்றவர்களுக்குச் சொல்வது வேறு ஒன்று. நீங்கள் இப்போது கையடக்கத் தொலைபேசியில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடியே கொட்டிலுக்குள் நுழைகிறீர்கள். நல்லது, எனக்கு அவ்வளவு வசதி இருக்கவில்லை என்று பொறாமைதான். ஆனால் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் வாய் திறக்கும்போது நிமிர்ந்து பாருங்கள். அவர் சுற்றி வளைத்துத்தான் சொல்வார், பூசைக்குப் போனதிலிருந்து தொடங்குவார். வாளி அதற்குள்தான் எங்கேயாவது இருக்கும். உங்கள் அவசரம் உண்மையான அவசரமாக இருந்தால், கை வேலை செய்யட்டும், காது சும்மாதானே இருக்கிறது. இன்னொன்று: ஒரு தடவை வாயடைத்து அனுப்பியவர் அடுத்த தடவை தானாகத் திறக்கமாட்டார். அவர் உங்கள் மேல் வைத்த அன்பினாலேயே திறக்கமாட்டார். அது என்னை மிகவும் சுட்ட பாடம்.

பட்டம் பெற்று, முதல் நியமனம் தூரத்தில் கிடைத்து, ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். வந்து பையைக்கூட வைக்கவில்லை, மேரி அக்கா வந்துவிட்டார். மல்லியின் மகளுக்கு, அன்று வயிற்றில் இருந்ததே அதற்கு, ஏதோ சரியில்லையாம். மருந்துப் பையோடு கொட்டிலுக்குப் போனேன். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. கண் தெளிவு, மூக்கு ஈரம். கை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க அக்கா."

அவர் போன வாரத்திலிருந்து தொடங்கினார். புல்லு வெட்டிய இடம், மழை, மேல் மலையில் மருந்தடித்த நாள், மாடு தண்ணீர் குடித்த நேரம், சாணியின் நிறம், நடுவில் என் அம்மாவின் முழங்கால் வலி, இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் கணவரிடமிருந்து வந்த ஒரு கடிதம். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்துவிட்டு அவர் மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றார். எழுந்து முழுவதும் பார்த்தேன், உடல்சூடு, வயிறு, மடி. ஒன்றுமே கிடைக்கவில்லை.

"அக்கா, மாடு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். "நீ கேக்குறியான்னு பாத்தேன்."

நலமான மாட்டை வைத்துச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.